நடந்து பார்த்தது தாளில் ஏன் இறங்குவதில்லை?

ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் போகிறீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் நடக்கிறீர்கள். போனில் நூறு, நூற்றைம்பது படம் எடுத்து வந்து, வீட்டில் அதைப் பார்த்து வாட்டர்கலரில் வரைகிறீர்கள். வரைந்ததில் உயிர் இல்லை என்கிறீர்கள். கிராமப்புறத்தில் நடப்பது நிலக்காட்சி ஓவியத்துக்கு உண்மையிலேயே உதவுமா, அங்கேயே உட்கார்ந்து வரைந்தால்தான் சரியா, எந்த ஊருக்குப் போனால் நல்ல காட்சி கிடைக்கும் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஏரிக்கரையில் நிற்கும்போது மனதை நிறைத்த ஒன்று, வீடு வந்து சேர்வதற்குள் எங்கே போய்விடுகிறது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மற்றவை வழியிலேயே வந்துவிடும்.

நான் ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவன். இருபத்தாறு வருடமாக அம்பாசமுத்திரம் பக்கம் இருந்துகொண்டு நிலக்காட்சி வரைகிறேன், சொல்லியும் கொடுக்கிறேன். வாட்டர்கலர்தான் என் வேலை. எண்ணெய் வண்ணத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. ஆகவே காகிதம், தண்ணீர், வண்ணம் காயும் வேகம் பற்றி நான் சொல்வதை எண்ணெய் வண்ணத்துக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வரும் சிக்கலில் பெரும்பங்கு போன் கேமராவால் வருவது. போனின் முக்கிய லென்ஸ் அகலக் கோணத்தில் பார்ப்பது. அகலக் கோணத்தில் காலடியில் இருக்கும் புல் பெரிதாகும், தூரத்துப் பனை வரிசை நூல் மாதிரி மெலிந்துவிடும். நீங்கள் நின்று பார்த்தபோது அந்தப் பனை வரிசையைத்தான் பார்த்தீர்கள். மனம் அதைப் பிடித்துப் பெரிதாக்கி வைத்திருந்தது. போனுக்கு அது தெரியாது. அடுத்தது, இன்றைய போன்கள் நிழலைத் தூக்கி வெளிச்சமாக்கும், வானத்தின் கூசும் வெளிச்சத்தை அமுக்கும். எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டவை அவை. விடியற்காலையின் மஞ்சளையும் ஓரளவு கழுவி வெள்ளையாக்கிவிடும். இப்போது யோசித்துப் பாருங்கள். தகதகவென்று கூசும் ஏரித் தண்ணீருக்கு முன்னால் கரை கருப்பாகக் கிடந்ததே, அதுதானே உங்களை நிறுத்தியது? அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் போன் இஸ்திரி போட்டுச் சமமாக்குகிறது. அதைப் பார்த்து எவ்வளவு கவனமாக வரைந்தாலும் சமமான படம்தான் வரும்.

இது போன் வந்த பிறகு வந்த பழக்கமும் அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இயற்கை பார்க்கக் கிளம்பியவர்கள் கையில் கறுப்புச் சாயம் ஏறிய, லேசாகப் புடைத்த ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பார்கள். கிளாட் கண்ணாடி என்று பெயர். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணாடிக்குள் சிறிதாகி, நிறம் அடங்கித் தெரியும் பிம்பத்தைப் பார்ப்பார்கள். ஓவியம் மாதிரி இருக்கும் என்பதற்காக. அப்புறம் அதைப் பார்த்து வரைவார்கள். இயற்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

சரி, நடை எதற்கு? நல்ல காட்சி தேடிப் பிடிப்பதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். சனிக்கிழமை பாபநாசம், அடுத்த வாரம் மணிமுத்தாறு, அதற்கடுத்த வாரம் களக்காடு என்று சுற்றினேன். ஒவ்வொரு இடமும் அழகு, ஒவ்வொரு படமும் காலண்டர் படம். மாற்றம் வந்தது ஒரு சின்னச் சம்பவத்தால். இந்தப் பக்கம் வந்த மூன்றாம் வருடம், மார்கழி கடைசி. கன்னடியன் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து வயலையும் பின்னால் மலையையும் வரைந்துகொண்டிருந்தேன். இந்தப் பக்கத்தில் தாளும் பலகையுமாக ஒருவர் உட்கார்ந்தால் நிலம் அளக்க வந்தவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அப்படி நினைத்துப் பக்கத்தில் வந்த வயதான விவசாயி ஒருவர், கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் சார், இது நம்ம வயலு மாதிரி இல்லியே. இங்க பயிரு பால் புடிச்சுட்டுல்லா. நீங்க நட்டு இருவது நாளு ஆன பச்சையல்லா போட்டிருக்கீய."

"அதெப்படிண்ணே படத்தைப் பார்த்துத் தெரியுது?" என்றேன்.

"தலைக் கனம் வந்துட்டா பயிரு நிக்க நெலையே மாறிரும்லா சார்" என்று சொல்லி, கையை விரித்து, விரல் நுனிகளை லேசாக மடக்கிக் காட்டினார்.

அந்தக் கை என் ஆசிரியர்கள் சொன்ன பல பாடங்களைவிட எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. அதற்கப்புறம் நான் ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு அந்த ஒரே கால்வாய்க் கரையில் நடக்க ஆரம்பித்தேன். போக வர நாலு கிலோமீட்டர் இருக்கும். வருடத்துக்குக் குறைந்தது நூறு தடவை. ஒரு வயல் எத்தனை படமாக மாறுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. நட்ட புதிதில் வயல் பச்சையே இல்லை. அது வானத்தின் நிறம். தண்ணீருக்குள் வானம் இருக்கும், மேலே மஞ்சள் தட்டிய சின்னச் சின்னக் கோடுகளாக நாற்று நிற்கும். வயல் என்றால் பச்சை என்று நம் தலையில் இருப்பதால் நாம் பச்சையை எடுத்துப் பூசிவிடுகிறோம். பயிர் பச்சை பிடித்து, தூர் கட்டி, இடைவெளி மூடிய பிறகுதான் தண்ணீர் மறையும். அப்போது காற்று அடித்தால் பட்டுத்துணி மாதிரி அலை ஓடும். கதிர் வெளியே வந்ததும் பச்சையின் மேல் சாம்பல் பூத்த ஒரு மெல்லிய வெளிறல் படரும். பால் பிடித்துத் தலை கனத்ததும் அலை மெதுவாகும். எங்கள் தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். கார் வயலுக்குப் பின்னால் மலையில் மேகம் மூடியிருக்கும், கீழே ஆனி, ஆடிக் காற்று பறக்கும். மழைக்காலப் பிசானத்தில் வயலே நனைந்து கிடக்கும். ஒரே பயிர், ஒரே பருவ வளர்ச்சி, ஆனால் படம் வேறு.

வெயிலின் திசையும் அப்படியே. நெல் இலையைச் சூரியன் பக்கம் பார்த்து நின்றால், ஒளி இலையை ஊடுருவி வருவதால் மஞ்சள் கலந்த பச்சை எரியும். சூரியனை முதுகில் வைத்துப் பார்த்தால் இலையின் மேற்பரப்பு வானத்தை வாங்கித் திருப்பி, பச்சை குளிர்ந்து நீலம் ஏறும். எங்களுக்கு மலை மேற்கில். காலை ஏழு மணிக்கு வெயில் மலை முகத்தில் நேராக அடிப்பதால் மலை தட்டையாக, இளஞ்சிவப்பாகத் தெரியும். ஒன்பதை நெருங்கும்போது வெயில் கொஞ்சம் சாய்ந்து விழ, அதுவரை இல்லாத பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். மாலையில் சூரியன் பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். அப்போது மலையில் விவரமே கிடையாது, ஒன்றன்பின் ஒன்றாக நீல அடுக்குகள் மட்டும். தூரம் கூடக் கூட மலை நீலமாவது, இடையில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால். கோடையில் தூசும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்த நீலம் வெளிறி வெள்ளையாகும். நல்ல மழை பெய்து காற்று கழுவப்பட்ட மறுநாள் காலை மலை பக்கத்தில் வந்து நிற்கும். இது ஒரு நாள் போனால் கிடைக்கும் அறிவு இல்லை. ஆனால் கிடைத்துவிட்டால், வீட்டில் உட்கார்ந்து வரையும்போதும் அது கைக்கு வரும்.

இதை என் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. நிலக்காட்சி ஓவியத்தில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான ஜான் கான்ஸ்டபிள் இதற்குச் சரியான சாட்சி. 1776-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்தவர். அப்பா மாவு அரைக்கும் தண்ணீர் ஆலைகளின் சொந்தக்காரர். ஸ்டவர் என்ற சிறிய ஆற்றின் கரையில், ஆலைக்கும் மதகுக்கும் நடுவில் வளர்ந்தார். வாழ்நாளில் ஒரு தடவைகூட இங்கிலாந்தை விட்டு வெளியே போகாதவர். 1813-லும் 1814-லும் அவர் வைத்திருந்த சின்ன வரைவு நோட்டுகள் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சட்டைப் பையில் வைக்கிற அளவுதான். கோடைக் காலத்தில் ஊருக்குப் போய் அந்தச் சின்ன வட்டாரத்திலேயே திரும்பத் திரும்ப நடந்து, உழவு, படகு, வேலிப்படல், மரம் என்று பென்சிலில் குறித்து வந்தார். எல்லோருக்கும் தெரிந்த அந்த வைக்கோல் வண்டி ஓவியம், 1821-ல் கண்காட்சியில் வைக்கப்பட்டது, அந்த ஆற்றங்கரையில் வரையப்பட்டது இல்லை. லண்டனில் ஸ்டூடியோவில் வரைந்தது. கிட்டத்தட்ட ஆறடி அகலம். ஓவியத்தில் ஆற்றோரம் நிற்கும் வீட்டைப் பல வருடம் முன்னால் பார்த்து வரைந்த சிறு படங்கள் கையில் இருந்தன. வண்டியின் அமைப்பு சரியாக வர வேண்டும் என்று தம்பிக்கு எழுதி ஊரிலிருந்து வண்டியின் வரைபடத்தை வரவழைத்தார். அதே ஆண்டு ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஆலை மடையில் தண்ணீர் வழியும் சத்தம், மக்கிப்போன பலகை, பாசி படிந்த கம்பம் இவைதான் தன்னை ஓவியனாக்கின என்கிற பொருளில் சொல்கிறார். எங்கள் பக்கத்து மதகுகளைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு ஞாபகம் வரும்.

அவரிடமிருந்து நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பழக்கம் உண்டு. 1821, 1822 ஆகிய இரண்டு வருடம் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டும் ஏராளமாக வரைந்தார். பல படங்களின் பின்னால் தேதி, மணி, எந்தத் திசையைப் பார்த்தது, காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகம் என்று எழுதி வைத்தார். நான் என் மாணவர்களிடம் வற்புறுத்தும் ஒரே விஷயம் இதுதான். பின்னால் நேரம் எழுதாத படத்தை நான் திருத்த மாட்டேன்.

நம்மிடமே இதற்கு ஒரு பழைய அடித்தளம் இருக்கிறது. தொல்காப்பியம் திணையைப் பேசும்போது நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான் முதற்பொருள் என்கிறது. நிலம் மட்டும் இல்லை. வயல் மருதம் என்றால் அதற்கு வைகறை உண்டு. கடற்கரை நெய்தல் என்றால் வெயில் சாயும் எற்பாடு. முல்லைக்குக் காரும் மாலையும், பாலைக்கு வேனிலும் நண்பகலும். அது கவிதைக்கான இலக்கணம், ஓவியனுக்காக எழுதியது இல்லை. அதிலிருந்து ஓவிய விதி எதையும் நான் கறக்கப் போவதில்லை. ஆனால் இடம், நேரம் இரண்டையும் ஒரே பொருளாகப் பார்க்கும் பழக்கம் நம் மொழியில் அவ்வளவு பழையது. "எந்த ஊருக்குப் போகலாம்" என்று நீங்கள் கேட்டதில் அந்தப் பாதி விடுபட்டிருக்கிறது. எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

நேரம் பற்றி நம் ஊருக்கென்று சில உண்மைகள் உண்டு. ஐரோப்பியர் எழுதிய பாடங்களில் அவை இருக்காது. வேலென்சியென் என்ற பிரெஞ்சு ஓவியர் 1800-ல் எழுதிய பாடத்தில், வெளியே வரையும் படத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, சூரிய உதயம், அஸ்தமனம் என்றால் அரை மணிதான் என்கிறார். அதற்குள் ஒளி மாறிவிடும் என்பதால். நமக்கு அந்த அரை மணிகூடக் கிடையாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அஸ்தமனத்துக்குப் பிறகு பயன்படும் வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். லண்டனில் ஜூன் மாதம் ஏறக்குறைய முக்கால் மணி. சித்திரையிலும் ஆவணியிலும் நம்மூரில் நண்பகல் சூரியன் தலைக்கு மேலேயே நிற்கும் நாட்கள் உண்டு. அப்போது நிழல் மரத்தடியில் சுருண்டுவிடும், உருவங்களுக்குப் பக்கமே இருக்காது. காலை பத்திலிருந்து மூன்றரை வரை நான் வரைவதே இல்லை. நடப்பேன், பார்ப்பேன், பெரும்பாலும் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பிப் பத்து மணிக்குப் போய் இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். உயிர் இல்லாததற்கு அது ஒரு காரணம். விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே இருங்கள்.

அந்த இருட்டில் நடப்பதற்கு இன்னொரு பலன் உண்டு. 1819-ல் புர்க்கின்யே என்ற செக் விஞ்ஞானி, பொஹிமியாவின் வயல்வெளிகளில் வைகறையில் நடக்கும் பழக்கம் உள்ளவர், ஒன்றைக் கவனித்தார். பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்புப் பூ, வெளிச்சம் குறைந்த நேரத்தில் கருத்துவிடுகிறது, பக்கத்து இலையோ அதைவிட வெளிச்சமாகத் தெரிகிறது. மங்கலில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்கள் வேறு, அவை சிவப்பைக் கிட்டத்தட்ட உணர்வதில்லை என்பதுதான் காரணம். செம்மண் பாதையை விடிவதற்கு முன்னால் பாருங்கள். அது சிவப்பாக இருக்காது. கருஞ்சாம்பலாக இருக்கும். வெளிச்சம் ஏற ஏற அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து சிவப்பு வெளியே வரும். அந்தப் பத்து நிமிடத்தை ஒரு தடவை நின்று பார்த்தவர் அதன்பின் செம்மண்ணுக்கு டப்பாவிலிருந்து நேராகச் சிவப்பை எடுக்க மாட்டார். போன் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இது கண்ணுக்குள் நடப்பது.

இனிக் கொஞ்சம் சந்தேகத்துக்குரிய பகுதி. நடந்தால் கற்பனை பெருகும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இருப்பதாக ஒருவர் உங்கள் கேள்விக்குக் கீழே எழுதியிருந்தார். அவர் சொல்வது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர்களைவிட நடப்பவர்களுக்குப் புதிய யோசனைகள் அதிகம் வந்தன என்பது உண்மை. ஆனால் அங்கே சோதித்தது ஒரு சாதாரணப் பொருளுக்கு வேறென்ன பயன் உண்டு என்று சொல்வது மாதிரியான பயிற்சிகளை. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. ஆகவே வயல்வெளியில் நடந்தால் நல்ல நிலக்காட்சி வரும் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. நான் சொல்வதற்கு ஆதாரம் என் அனுபவமும், என்னிடம் படித்தவர்களின் படங்களும், பழைய ஓவியர்களின் வழக்கமும்தான். பலன் நடையால் வருகிறதா, ஒரே இடத்தைப் பலமுறை பார்ப்பதால் வருகிறதா என்று பிரித்துச் சொல்லச் சொன்னால், இரண்டாவதுதான் பெரிது என்று ஊகிக்கிறேன். நடக்க முடியாத ஒருவர் தன் வீட்டு மாடியிலிருந்தே வருடம் முழுவதும் பார்த்து வரைந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் உயிர் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டுமா என்பதில் ஓவியர்களிடையே ஒரே கருத்து கிடையாது. டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள், சித்தப்பாவும் அண்ணன் மகனும், 1792-ல் இந்தத் திருநெல்வேலிப் பக்கம் வந்து, காட்சிக்கு எதிரிலேயே வரைந்தார்கள். பாபநாசம் அருவி அவர்கள் வரைந்தவற்றில் ஒன்று. அது அச்சுப் படமாக லண்டனில் வெளிவந்தது 1804-ல். மறுபக்கம், சீனத்தில் குவோ ஷி என்ற ஓவியர், ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முந்தையவர், மலை ஒவ்வோர் அடிக்கும் வேறு உருவம் காட்டும் என்று சொன்னவர். 1072-ல் அவர் வரைந்த வசந்தகால மலை இன்றும் தைபேயில் இருக்கிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் கிடைக்கும் மலை இல்லை அது. மலைக்குள் நடந்தவனுக்குத்தான் அத்தனை பார்வையும் சேர்ந்து அப்படித் தெரியும். குவோ ஷியின் பக்கம் சாய்பவன் நான். நம் வெயிலில் வாட்டர்கலர் வேறு ஒத்துழைக்காது. ஒன்பது மணிக்கு மேல் தாள் நனைத்த மறுநிமிடமே காய்ந்துவிடும், ஈரத்தோடு ஈரம் கலக்கும் வேலையெல்லாம் நடக்காது. தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் விட்டால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். தாள் மேல் நேர் வெயில் விழுந்தால் வெள்ளை கண்ணைக் கூசும், நாம் தேவைக்கு மேல் அடர்த்தியாகப் பூசிவிடுவோம், வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டிருக்கும். வெளியே வரைவதானால் தாள் நிழலில் இருக்கட்டும். மற்றபடி அங்கே வரைவது முழுப் படம் ஆக வேண்டியதில்லை.

நான் உங்களுக்குச் சொல்லும் முறை இது. முதல் ஒரு மணி நேரம் போனை எடுக்காதீர்கள். சட்டைப் பை நோட்டும் ஒரு 4பி பென்சிலும் போதும். கால் எங்கே தானாக நிற்கிறதோ அங்கே நின்று, எது நிறுத்தியது என்று ஒரே வரி எழுதுங்கள். "தண்ணீர் கூசுகிறது, கரை கருப்பு" என்கிற மாதிரி. கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, கருப்பு, நடு, வெளுப்பு என்று மூன்றே அழுத்தத்தில் நிரப்புங்கள். மூன்று நிமிட வேலை. அப்புறம் விஸ்லர் என்ற ஓவியர் செய்ததைச் செய்யுங்கள். 1870-களில் அவர் தேம்ஸ் நதியின் இரவுக் காட்சிகளை வரைந்த விதம் இது. கரையில் நின்று நன்றாகப் பார்ப்பார், திரும்பி நின்றுகொண்டு பார்த்ததைக் கூட வந்தவரிடம் வாயால் ஒப்பிப்பார். தப்பு இருந்தால் மறுபடி பார்ப்பார். முழுவதும் மனதில் ஏறியதும் வீட்டுக்குப் போய் மறுநாள் வரைவார். கூட ஆள் இல்லையென்றால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். "இடது பக்கம் வேம்பு, அதன் அடி தண்ணீரைவிடக் கருப்பு, அடுத்து வெறும் வானம்" என்று வாய்விட்டுச் சொல்லும்போது எது தெரியாது என்பது உடனே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் போனைப் பார்க்காமல் நினைவிலிருந்து ஒரு படம். எது மறந்ததோ அது தேவையில்லாதது என்று விட்டுவிடலாம், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். மறந்தது முக்கியமானது என்று தோன்றினால் அடுத்த வாரம் அதைப் பார்ப்பதற்காகவே போங்கள். போன் படம் கடைசியில், மதகின் கல் எத்தனை வரிசை என்கிற மாதிரித் தகவலுக்கு மட்டும். நிறங்களும் குறையட்டும். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், ஒரு குளிர்ந்த மஞ்சள் இந்த நான்கோடு ஆறு மாதம் ஓட்டலாம். முதல் இரண்டைக் கலந்தால் கிடைக்கும் சாம்பலில் நம் ஊர் விடியற்காலை முழுவதும் இருக்கிறது.

இடத்துக்கு வருகிறேன். உங்களுக்கு மலை வேண்டாம், அருவி வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் நாடு. பேர் பெற்ற ஏரியை விடுங்கள், வேடந்தாங்கல் பறவைக் காலத்தில் கூட்டம் இருக்கும். ஒரு சாதாரண ஊர் ஏரி போதும். ஏரிக்கரை மாதிரி ஓவியனுக்கு வசதியான பாதை வேறு கிடையாது. கரைமேல் நடந்தால் ஆளை உயரத்தில் நிறுத்துகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அது பாயும் வயல்களான ஆயக்கட்டு. கழுத்தைத் திருப்பினால் படம் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் என்கிற உபரி நீர் வழியில் வழிய நிறைந்திருக்கும் ஏரி, மாசி பங்குனியில் பின்வாங்கிப் பழுப்பும் பச்சையுமாக வளையங்கள் விடும், வைகாசியில் மாடு மேயும் வெளியாகிவிடும். ஒரு வருடம் அங்கேயே நடங்கள். கரை, வரப்பு எல்லாம் மற்றவர்கள் பிழைப்பு. மழைக்குப் பின் இளகிய வரப்பை மிதித்தால் உடையும், தண்ணீர் வீணாகும், கேட்டுவிட்டு இறங்குங்கள். விடிவதற்கு முன் நடப்பதானால் டார்ச்சும் மூடிய செருப்பும் வேண்டும், பாம்பு உண்டு. முதல் ஒன்றிரண்டு தடவை யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

நீங்கள் இணைத்திருந்த ஏரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வானத்தின் கீழ்ப்பகுதியை வெளிறவிட்டது நன்றாக இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். பனைகளின் பிம்பத்தைத் தண்ணீரில் பனையைவிடக் கருப்பாகப் போட்டிருக்கிறீர்கள். கருத்த பொருளின் பிம்பம் தண்ணீரில் பொருளைவிடக் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும், வெளுத்த பொருளின் பிம்பம் கொஞ்சம் இருளும். காற்று இருந்தால் பிம்பம் நம்மை நோக்கிக் கீழே நீளும். பனைக் கொண்டையைத் தென்னை மாதிரிக் கீற்றாக விரித்திருக்கிறீர்கள். பனை ஓலை விசிறி, தூரத்தில் கொண்டை உருண்டையாகத்தான் நிற்கும், ஓரங்களில் மட்டும் சிலிர்ப்பு. இதெல்லாம் ஒரு காலை நேரம் பார்த்தால் சரியாகிவிடும். மதகுக்கு இடது பக்கம் மூன்றாவது பனை தண்ணீர்ப் பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. அது உண்மையிலேயே அப்படித்தான் நிற்கிறதா, இல்லை படம் அழகாக இருக்கட்டும் என்று நீங்கள் சாய்த்தீர்களா? அடுத்த ஞாயிறு பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து.